ஆல்ரெடி கல்யாணம் ஆனவள்

திண்டிவனம் ஸ்டேஷனில் விழுப்புரம் பாசஞ்சருக்காக உட்கார்ந்திருந்தேன். மழைக்காலம் முடிகிற சமயம். சிமென்ட் பெஞ்சு ஈரமாக இருந்ததால் லேப் கோட்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர். அந்தச் சூடு புடவை வழியாகத் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

போனில் மெசேஜ் வந்த சத்தம். டேனியலிடமிருந்து பதில். காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தேன். அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன்.

“வெரி சாரி சிஸ்டர். ஐ டிட் நாட் நோ. ப்ளீஸ் டோன்ட் டெல் யுவர் பிரதர். காட் பிளஸ் யுவர் ஃபேமிலி.”

சிஸ்டராம்! லேபில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது. ஊசிக்குப் பயந்தவர்கள் ரெண்டு தடவை கூப்பிடுவார்கள். ஒரு நாளும் எனக்கு வலித்ததில்லை. இந்த ஆள் கூப்பிட்டது வலித்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது.

மல்லாட்டையைத் தின்று முடித்தேன். ரயில் வந்தது, ஏறினேன்.

யார் இந்த டேனியல்

எங்கள் லேபில் ரத்தம் பரிசோதிக்கிற மெஷின் ஒன்று உண்டு. மாதம் ஒரு தடவையாவது படுத்துக்கொள்ளும். அதைச் சரி பண்ண கம்பெனியிலிருந்து வருகிறவர்தான் டேனியல். திண்டிவனத்திலேயே ரூம் எடுத்துத் தங்கியிருந்தார்.

பூர்வீகம் காணைப் பக்கம். அப்பாவுக்கு ரயில்வே வேலை, அதனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் நாக்பூர். அம்மா படுக்கையில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயசு போய்விட்டது என்று ஒரு தடவை சொன்னார். தமிழ் பேசுவார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. படிக்கத் தெரியாது.

மெஷினைத் திறந்தால் சுற்றி யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது அவருக்கு. முடித்ததும் மேஜையைத் தானே துடைத்துவிட்டுப் போவார். நான் பார்த்த ஆண்களில் மேஜை துடைத்தவர் அவர் ஒருவர்தான். அங்கேதான் எனக்கு லேசாக ஆரம்பித்தது.

ஒரு நாள் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம், உங்கள் வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்று. மரியாதையான, சின்ன இங்கிலீஷ். என் கழுத்தில் சிலுவை போட்ட மெல்லிசுச் செயின் மட்டும்தான். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

வீட்டில் அண்ணி குளோரியிடம் போனை நீட்டினேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் அண்ணிதான். தபாலில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவர். கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணினாலும் “ஹலோ, குட் மார்னிங்” என்றுதான் தொடங்குவார்.

“மொதல்ல உண்மைய சொல்லிடணும் ஸ்டெல்லா. ஏற்கெனவே கல்யாணம் ஆனவன்னு சொல்லிடு. அப்புறம் தெரிஞ்சு பேஜாரு ஆவக் கூடாது” என்றார்.

“தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிச்சிடறேன் அண்ணி. அவருக்குப் புரியும்.”

“இன்னா நீ! மொத மொத பேசறது. டீசென்ட்டா வாணாமா? குடு இங்க.”

போனைப் பிடுங்கி அடித்தார். அடித்ததைச் சத்தமாக வாசித்தும் காட்டினார். “தேங்க் யூ ஃபார் ஆஸ்கிங். ஐ யாம் ஆல்ரெடி மேரீட். இஃப் யூ ஹேவ் எனி ப்ராப்ளம், மை பிரதர் வான்ட்ஸ் டு மீட் யூ.”

அண்ணன் அந்தோணி அந்தப் பக்கம் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். “சூப்பரா இருக்குது” என்றார். எனக்கும் சூப்பராகத்தான் பட்டது. அனுப்பினோம்.

வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். எங்கள் மூன்று பேருக்கும் அன்றைக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

எங்கள் ஜில்லா ஆல்ரெடி

ஆல்ரெடி என்ற சொல் எங்கள் பக்கத்தில் எப்படி நடமாடுகிறது என்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

லேபுக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, “சுகர் ஆல்ரெடி இருக்குதா?”

“ஆல்ரெடி இருந்துச்சும்மா. மாத்திர போட்டதும் போயிடுச்சு.”

சுகர் எங்கே போகும்! ஆனால் சொல்லைக் கவனியுங்கள். ஆல்ரெடி இருந்தது என்றால், முன்பு இருந்தது, இப்போது இல்லை. “ஆல்ரெடி கம்பெனில இருந்தான், இப்ப ஆட்டோ ஓட்றான்.” “ஆல்ரெடி இங்க ஒரு டீக்கடை.” எல்லாம் முடிந்துபோன கதை. எங்களுக்கு ஆல்ரெடி என்பது பழையதை ஓரமாக எடுத்து வைக்கிற சொல்.

பனமலையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டியவர். “சாப்ட்டீங்களாப்பா?” என்றேன் ஒரு தடவை.

“ஆல்ரெடி வெறும் வயிறுதாம்மா.”

“ஒண்ணுமே சாப்டலையே?”

“கேப்பக்கூழு ஒரு சொம்பு. அவ்ளோதான்.”

அவரைத் திருப்பி அனுப்பினேன். “காலைல எய்ந்து பஸ் புடிச்சு வந்தேனே” என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார். சோறு தின்றால்தான் அவருக்குச் சாப்பாடு.

மரியாதைக்கும் இதே சொல்தான். யார் வீட்டுக்காவது போனால் “சாப்பிட்றீங்களா?” என்பார்கள். வயிறு ஒட்டிக் கிடந்தாலும் “ஆல்ரெடி ஆச்சுங்க” என்போம். அவர்களுக்கும் அது பொய் என்று தெரியும். ரெண்டு தடவை வற்புறுத்துவார்கள், அப்புறம் உட்கார்ந்து தின்போம்.

போனில் பேசுகிற ஆல்ரெடி இன்னொரு ஜாதி. “ஆல்ரெடி கெளம்பிட்டேன்” என்றால் இன்னும் கைலியை மாற்றவில்லை என்று அர்த்தம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் இதற்கு வேறு அர்த்தம் இருந்து நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

அருள்

என் முதல் கணவர் அருளைப் பற்றி இந்தத் தொடரில் ஆல்ரெடி எழுதியிருக்கிறேன். புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம்.

ஒலக்கூர்ப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை. அவர் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்கு வந்தார். திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் எந்தப் புது வீட்டில் கிரகப்பிரவேசம் என்றாலும் அந்தத் தரையில் இவர் கை பட்டிருக்கும். விழுப்புரத்தில் எங்கள் வாடகை வீட்டில் மட்டும் கடைசி வரை சிமென்ட் தரை.

சாயங்காலம் போன் பண்ணி “எங்க இருக்கீங்க?” என்பேன். “ஆல்ரெடி கெளம்பிட்டேன் ஸ்டெல்லா, வந்துக்கினே இருக்கேன்” என்பார். பின்னால் டைல்ஸ் வெட்டுகிற மெஷின் கீ… என்று கத்தும். “வண்டில மெஷின் மாட்டிக்கினு வர்றீங்களா?” என்பேன். சிரிப்பார். திட்டவும் முடியாது அந்த மனுஷனை.

ஒரு நாள் அவரே கூப்பிட்டார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். மெஷின் சத்தம் இல்லை. லாரிகள் போகிற சத்தம் மட்டும். “ஆல்ரெடி கூட்டேரிப்பட்டு தாண்டிட்டேன். கொழம்ப சுட வை, பசிக்குது” என்றார்.

நான் நம்பவில்லை. எப்படி நம்புவேன். இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை.

அன்றைக்கு மட்டும் அது நிஜம். பேசிவிட்டு மறுபடி ரோட்டில் ஏறியவரைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது குழம்பு அப்படியே ஏடு கட்டிக் கிடந்தது. அதை யார் கொட்டினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு நான் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டேன், வேலைக்கு ரயிலில்தான் போய் வருகிறேன். அந்த ரோட்டில் வருகிற யாரையும் போனில் எங்கே வருகிறீர்கள் என்று கேட்பதில்லை. அண்ணனைக்கூட.

வேற ஆள் வந்தான்

டேனியலின் பதிலை அண்ணியிடம் காட்டினேன். வாசித்ததும் அண்ணிக்கு மூக்கு விடைத்தது.

“ஐ டிட் நாட் நோவாம்! புருஷன் செத்தவன்னு தெரிஞ்சதும் சிஸ்டரு ஆயிட்டியா நீ? பெரிய இவரு! உங்க அண்ணன்கிட்ட சொல்லக் கூடாதாம், இன்னா பயம் பாரு!”

“வுடு குளோரி” என்றார் அண்ணன். “பாப்பாவுக்கு வேற எடம் வராமலா போயிடும்.”

“யாரும் எனக்கு எடம் பாக்க வாணாம்” என்று கத்திவிட்டு எழுந்து போனேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அவர் என்ன பண்ணுவார் பாவம்.

அடுத்த மாதம் மெஷின் மறுபடி படுத்துக்கொண்டது. டேனியல் வரவில்லை, வேறு ஒருவன் வந்தான். அதற்கு அடுத்த மாதமும் அவனேதான். வேலை முடித்ததும் மேஜையெல்லாம் எண்ணெய்க் கறையாக விட்டுவிட்டுப் போவான். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆத்திரம் அவன்மேல் இல்லை. விதவை என்றதும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டு ஓடினவர்மேல். அதைவிட, ஊருக்கு முன்னால் நிமிர்ந்து நடந்துவிட்டு ஒரு மெசேஜுக்காக பிளாட்பாரத்தில் காத்திருந்த என்மேல். இனிமேல் இந்தப் பேச்சே வேண்டாம் என்று முடிவு பண்ணிக்கொண்டேன். வேலை இருந்தது, ரயில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயில் இருந்தது. போதும் என்று இருந்தேன்.

லேபில் நடந்த பாடம்

வெயில் ஏறிய ஒரு நாள் மெஷின் சுத்தமாக நின்றுவிட்டது. அந்த இன்னொருவன் லீவு. வேறு வழியில்லாமல் டேனியல் வந்தார்.

என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு அம்மாவுக்கு ரத்தம் எடுக்க உட்கார்ந்தேன். அவர் மெஷினைத் திறந்தார். மின்விசிறி மட்டும் கடகடத்தது.

வேலை முடிந்தது. மேஜையைத் துடைத்தார். போகிற நேரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காங்களா சிஸ்டர்?” என்றார்.

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. கிண்டலா?

“நல்லா இருக்காரு. கல்லறையில இருக்காரு. போய்ப் பாத்துட்டு வாங்க” என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ. எப்போ? இங்க வந்துட்டுப் போற எங்க ஆளு ஒண்ணும் சொல்லலையே…”

“எப்போவா? ஆறேழு வருஷம் ஆச்சு. கூட்டேரிப்பட்டு தாண்டி, லாரி அடிச்சு. அதத்தான் மெசேஜ்ல சொன்னேனே.”

“சொல்லலையே.”

“ஆல்ரெடி மேரீட்னு சொன்னேன் இல்ல?”

“ஆமா. அதான் நான் விலகிட்டேன்.”

“விதவைன்னு தெரிஞ்சு விலகிட்டீங்க.”

“இல்லைங்க!” முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. போனை எடுத்து அந்த மெசேஜை என் முன்னால் நீட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார். “ஆல்ரெடி மேரீட்னு இருக்கு. அப்புறம் ப்ராப்ளம் இருந்தா உங்க பிரதர் என்னைப் பாக்கணும்னு இருக்கு. நான் கல்யாணம் ஆன லேடிகிட்ட தப்பாக் கேட்டுட்டேன், அவர் அடிக்க வர்றார்னு நெனச்சேன். ரூமையே மாத்திட்டேன்.”

எங்கள் அண்ணன் அந்தோணி கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட அண்ணியைக் கூப்பிடுகிறவர். ப்ராப்ளம் இல்லையென்றால் என்று அண்ணி எழுத நினைத்தது இப்படிப் போய் முடிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அதை அடக்கிக்கொண்டு, “ஆல்ரெடினா முன்னாடின்னு அர்த்தம். முன்னாடி ஆச்சு, முடிஞ்சு போச்சு” என்றேன்.

“இங்கிலீஷ்ல அப்படி இல்ல.” சொற்களைத் தேடினார். “ஆல்ரெடினா, நடந்துடுச்சு. இப்பவும் அது அப்படியே இருக்கு.”

“எங்க ஊர்ல அப்படி இல்ல.”

ரத்தம் கொடுத்துவிட்டு மடக்கிய கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “யம்மா, ரெண்டு பேரும் அப்புறமா சண்ட போடுங்க. நான் கைய நிமுத்தலாமா வாணாமா?”

“நிமுத்துங்கம்மா” என்றோம் ரெண்டு பேரும் சேர்ந்து.

அந்த அம்மா போனதும் டேனியல் கேட்டார். “அப்ப, உங்க பிரதரைப் பாக்க வரலாமா?”

“யோசிச்சு சொல்றேன்” என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதம் எரிந்துகொண்டிருந்தவள், கேட்டதும் வாங்க என்று சொல்லியிருக்க வேண்டும்.

மயிலம் தாண்டி

அன்றைய ரயிலில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மயிலம் ஸ்டேஷன் வந்தால் நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். கூட்டேரிப்பட்டு அங்கிருந்து பக்கம். அன்றைக்கும் மூடிக்கொண்டேன்.

டேனியல் சொன்னதுதான் மனதில் ஓடியது. நடந்துடுச்சு, இப்பவும் அது அப்படியே இருக்கு. அண்ணியின் இங்கிலீஷ் தப்பு என்று முடிவாகிவிட்டது. ஆனால் அந்தத் தப்பான வாக்கியம் என்னைப் பற்றி உண்மையைத்தானே சொல்லியிருந்தது? என் போனில் அருளின் நம்பர் இன்னும் இருந்தது. இப்போது அது வேறு யாரிடமோ போயிருக்கும். ஒரு நாளும் நான் கூப்பிட்டதில்லை, அழித்ததும் இல்லை. கேட்கிறவர்களுக்கு முடிஞ்சு போச்சு என்பேன். மயிலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன்.

விக்கிரவாண்டி வருவதற்குள் அழுது முடித்துவிட்டேன். எதிர் சீட்டில் இருந்தவர் ஜன்னலைச் சாத்தினார், கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நல்ல மனுஷன்.

அருள் இருந்தது இருந்ததுதான். அதை யாருக்காகவும் இல்லை என்று ஆக்கப்போவதில்லை. அதை வைத்துக்கொண்டே இன்னொருவருக்குச் சோறு போட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது.

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினதும் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, தமிழில், குரலிலேயே அனுப்பினேன். “ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வாங்க. அண்ணன் வூட்லதான் இருப்பாரு. அடிக்க மாட்டாரு.” அண்ணி கையில் போனைக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பூசை முடிந்து வந்து ரொம்ப நேரம் ஆனது போல எனக்கு இருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். “அந்த ஆளு பைக்லதான வருவாரு? ஒரு போன் போடு பாப்பா” என்றார்.

நான் போனைத் தொடாமல் கொத்தமல்லியை ஆய்ந்துகொண்டிருந்தேன். தண்டு தனி, இலை தனி என்று இல்லாமல் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம். அதே ரோடு.

அண்ணி என்னைப் பார்த்தார். அவரே போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “எங்க வந்துக்கினு இருக்கீங்க?”

“ஆல்ரெடி வந்தாச்சுங்க” என்றது டேனியலின் குரல்.

அண்ணன் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். “அப்ப இப்பதான் கெளம்பறாரு.”

நான் எழுந்து சமையல் கட்டுக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்துக் குழம்புச் சட்டியை ஏற்றினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட் கொக்கி சத்தம் கேட்டது. வந்து பார்த்தேன். டேனியல் நின்றுகொண்டிருந்தார். நடந்து வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் மல்லாட்டைப் பொட்டலம்.

“பைக் எங்க?” என்றார் அண்ணன்.

“கொண்டு வரலைங்க. காலைல பாசஞ்சர்லயே வந்துட்டேன். பூசை முடியட்டும்னு ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேன்.” என்னைப் பார்த்தார். “ரோட்டுல வந்தா நான் வந்து சேர்ற வரைக்கும் இவங்க பயந்துக்கிட்டே இருப்பாங்க.”

அண்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சாப்பிட்றீங்களா?” என்றார்.

எங்கள் ஜில்லாவில் பிறந்த யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

“இன்னும் சாப்பிடலைங்க” என்றார் டேனியல். “நல்லா பசிக்குது.”

தட்டை எடுக்க உள்ளே போனேன். குழம்பு ஆல்ரெடி சூடாகியிருந்தது.